பியானோ மூடியில் மூன்று தட்டல்

டெட்ராய்ட்
7 பிப்ரவரி 1999

அன்புத் தங்கை ஓர்லீனுக்கு,

உன் அக்கா வெர்னெல் எழுதுவது. இங்கே நானும் என் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் சௌக்கியம். அங்கே ஜார்ஜியாவில் நீயும் உன் வீட்டுக்காரர் கிளியோஃபஸும் சௌக்கியம்தானே?

முதலில் சண்டையை முடித்துவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பேசியதோடு சரி, அப்புறம் உன் குரலையே கேட்கவில்லை. இருபது வருஷமாக ஞாயிறு மூன்று மணிக்கு நான் போன் செய்தால் முதல் மணியிலேயே எடுப்பவள் நீ. இப்போது மணி அடித்து ஓய்கிறது. இல்லாவிட்டால் கிளியோஃபஸ் எடுத்து, "அவ சர்ச்சுக்குப் போயிருக்கா வெர்னெல்" என்று மென்று விழுங்குகிறார். வாரா வாரம் மூன்று மணிக்கும் கூட்டம் நடத்த உங்கள் போதகருக்கு வீடு வாசல் இல்லையா? அன்றைக்கே உன் தொண்டை கரகரத்தது. தேனில் எலுமிச்சை பிழிந்து குடி என்றேன். நீயோ, நான் தபாலில் அனுப்பிய பவுண்டு கேக் செங்கல் மாதிரி இருந்தது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். போகட்டும், அந்தக் கோபம் எனக்கு ஆறிவிட்டது.

இனி சங்கதி. நான் மறுபடியும் பாடுகிறேன்.

சிரிக்காதே. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் கரண்டி பிடித்தவளுக்கு இந்த வயசில் என்ன ஆசை என்று நீ கேட்பாய். நான் ஒன்றும் தேடிப் போகவில்லை. நம் பழைய பியானோக்காரர் லூஷியஸ், சர்ச் முடிந்து ஜனங்கள் சாப்பிட வருகிற ஒரு கடையில் ஞாயிறு மதியம் வாசிக்கிறார். நான் கோழி வறுவலை வாயில் வைத்திருக்கிறேன், மனுஷன் மைக்கில் என் பேரைச் சொல்லிவிட்டார். "மெல்ட்ரமெட்ஸ் வெர்னெல் இங்கதான் உக்காந்திருக்கு. எந்திரிச்சு வாம்மா, எலும்ப அப்புறம் கடிச்சுக்கலாம்." போய் நின்றேன். நம் 'தட்டிவிட்டு உள்ளே வா' பாட்டைப் பாடினேன். மெல்ட்ரம் தெருவிலிருந்து நீயும் நானும் டோரெத்தாவும் மெல்ட்ரமெட்ஸ் என்று பேர் வைத்துக்கொண்டு, ஒரே மாதிரி மூன்று கவுன்களோடு பாடக் கிளம்பி முப்பத்தேழு வருஷமாகிறது. கடையில் ஒருத்தருக்கும் ஒரு வரி மறக்கவில்லை, ஓர்லீன். பரிமாறுகிற பெண் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அதிலிருந்து வாரா வாரம் பாடுகிறேன். இப்போது ஆற்றோரம் பெல்மோர் ஹாலில் முழுக் கச்சேரிக்கே கூப்பிட்டிருக்கிறார்கள். செப்டம்பர் 19, ஞாயிறு, மாலை நான்கு மணி. எண்ணூறு இருக்கை. டோரெத்தா போய்ச் சேர்ந்துவிட்டாள். நீ இருக்கிறாய். வந்து என் பக்கத்தில் நில்.

பதில் போடு. அதைவிட நல்லது, போனை எடு.

உன் அக்கா
வெர்னெல்


மேக்கன், ஜார்ஜியா
26 பிப்ரவரி 1999

அன்புள்ள அக்காவுக்கு,

ஓர்லீனின் வணக்கம். நாங்கள் இருவரும் நலம். உன் ரத்தக்கொதிப்பு மாத்திரையை நீ விழுங்குகிறாயா, இல்லை டப்பாவில் வைத்து அழகு பார்க்கிறாயா? இந்த ஊர்ப் பக்கம் போன் லைன் சரியில்லை. ஒரே இரைச்சல். கடிதம் எழுதுவதும் நன்றாகத்தான் இருக்கிறது, நீ குறுக்கே பேச முடியாது.

நீ மறுபடி பாடுகிறாய் என்று படித்ததும் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. நான் எத்தனையோ பேர் பாடிக் கேட்டிருக்கிறேன். ஒரு வரியை நீ ஆரம்பிக்கும்போது, இது நமக்குத்தான் சொல்கிறாள் என்று கடைசி வரிசைக்காரனுக்கும் தோன்றும். கரண்டி பிடித்த கையை விடு, அந்தத் தொண்டை எங்கேயும் போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. பாடகர் குழுவைச் சின்னவர்களிடம் விட்டுவிட்டேன். இப்போது நான் சர்ச்சில் வாசல் ஊழியக்காரி. வெள்ளைக் கவுன், வெள்ளைக் கையுறை, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். நாங்கள் வாயைத் திறப்பதில்லை. முன்வரிசையில் எத்தனை இடம் காலி, யாருக்கு விசிறி வேண்டும், யார் மயங்கி விழப்போகிறார்கள், எல்லாம் கை ஜாடையிலேயே நடக்கும். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

காலர்ட் கீரைக்கு இந்த வருஷம் ருசியே இல்லை. உப்பைப் போட்டுப் பார்க்கிறேன், கிளியோஃபஸ்தான் தண்ணீராய்க் குடிக்கிறார்.

அந்தப் பாட்டில் இப்போது யார் தட்டுகிறார்கள்?

உன் தங்கை
ஓர்லீன்


டெட்ராய்ட்
14 மார்ச் 1999

அடியே ஓர்லீன்,

நான் நலம், மாத்திரையும் விழுங்குகிறேன், லூஷியஸ் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

நீ வாசல் ஊழியக்காரியா? ஞானஸ்நானத் தொட்டிக்குள் நின்றுகொண்டே போதகர் வசனத்தைத் தப்பாகச் சொல்கிறார் என்று திருத்தியவள் நீ. அந்த வாய் இரண்டு மணி நேரம் மூடியிருக்கிறதென்றால் உங்கள் சர்ச்சில் ஏதோ அற்புதம்தான் நடந்திருக்கிறது. லூஷியஸிடம் சொன்னேன், மனுஷன் பியானோ மேலேயே படுத்துச் சிரித்தார்.

சரியான இடத்தில் கை வைத்துக் கேட்டாய். தட்டல்தான் பிரச்சினை. உனக்கே தெரியும், மூன்றாம் சரணத்துக்கு முன்னால் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். ஒரு சத்தமும் கிடையாது. அப்புறம் நீ பியானோ மூடியில் விரல் முட்டியால் மூன்று தட்டுத் தட்டுவாய். மூன்றாவது தட்டில் நான் பாட ஆரம்பிப்பேன். அந்த இடத்துக்காகத்தான் அந்தப் பாட்டையே ஜனம் வாங்கியது. இப்போது டெரிக் என்று ஒரு டிரம்ஸ்காரர். படித்த ஆள், நல்ல கை. ஆனால் நான்கு எண்ணிக்கை எண்ணித் தட்டிவிடுகிறார். அவர் தட்டும்போது எனக்கு மூச்சு வந்திருக்காது. மூச்சு வந்தால் நான் முந்திக்கொள்கிறேன். போன ஞாயிறு நான் பாட ஆரம்பித்த பிறகு தட்டல் வந்தது. ஜனம் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், உள்ளே வெந்துபோனேன்.

சாப்பாட்டுக் கடையில் சிரிப்பார்கள், மன்னிப்பார்கள். பெல்மோர் ஹாலில் பத்திரிகைக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பாவம், பழைய ஞாபகத்தில் பாடுகிறாள் என்று ஒருத்தர் எழுதினால் போதும், அதோடு என் கதை முடிந்தது. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இன்னொரு தடவை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

நீ எத்தனை எண்ணித் தட்டினாய்? முப்பத்தேழு வருஷத்தில் எனக்குக் கேட்கவே தோன்றவில்லை பார். வருகிறாயா இல்லையா, அதையும் எழுது. இதோடு வீடியோ கேசட் ஒன்று அனுப்புகிறேன். என் இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது.

உன் அக்கா
வெர்னெல்


மேக்கன்
20 ஏப்ரல் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே விழைகிறேன். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே.

கேசட்டைப் பார்த்தோம். உன் இடுப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, கிளியோஃபஸும் சொல்லவில்லை, ரொம்பக் கஷ்டப்பட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டாம் சரணம், அக்கா. இருபத்தொரு வயசில் நீ அதை மேலே ஏறிப் பிடித்தாய். இப்போது கீழே இறங்கிப் பிடிக்கிறாய். அப்போது காதலனை மிரட்டுகிற பெண் பாடினாள். இப்போது அவன் எத்தனை தடவை வந்து போனான் என்று கணக்குத் தெரிந்த பெண் பாடுகிறாள். இதுதான் அந்தப் பாட்டு. நாம் அன்றைக்குப் பாடியது அதன் சட்டை மட்டும்தான். குரல் மேலே ஏறவில்லையே என்று பயப்படாதே. இப்போதுதான் நீ முழுசாகப் பாடுகிறாய்.

நீ கேட்டதற்குப் பதில்: நான் எண்ணவே இல்லை. வாத்தியம் நின்றதும் ஜனங்களைக் கேட்பேன். யாராவது நாற்காலியில் அசைவார்கள், இருமுவார்கள். அது அடங்கும். அப்புறம் உன் முதுகைப் பார்ப்பேன். நீ மூச்சு இழுக்கும்போது தோள்பட்டைக்கு நடுவே துணி இறுகும். இறுகி நின்றதும் தட்டுவேன். ஒரு ஊரில் சீக்கிரம் வரும், ஒரு ஊரில் நேரமாகும். டெரிக்கை எண்ணுவதை விட்டுவிட்டு உன் முதுகைப் பார்க்கச் சொல்.

செப்டம்பருக்கு என்னால் வர முடியாது. முழங்கால் சரியில்லை. பஸ்ஸில் அவ்வளவு தூரம் உட்கார முடியாது. அந்த நேரம் தோட்டத்திலும் வேலை இருக்கும். என்னை விட்டுவிடு.

உன் தங்கை
ஓர்லீன்


டெட்ராய்ட்
2 மே 1999

ஓர்லீனுக்கு,

நான் நலமாக இல்லை. கோபமாக இருக்கிறேன்.

டெரிக்கை முதுகைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். "அம்மா, எனக்கு ஜிப்புதான் தெரியுது" என்கிறார். அது கிடக்கட்டும்.

போன ஞாயிறு மூன்று மணிக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே யாரோ எடுத்தார்கள். அப்படி எடுப்பது உன் கை, எனக்குத் தெரியும். "ஓர்லீன், நீதானே? ஓர்லீன், ஏதாவது பேசுடி" என்று கத்தினேன். காற்று சீறுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நீ அங்கே நின்றுகொண்டிருந்தாய். அப்புறம் வைத்துவிட்டாய். அம்மா செத்த வருஷம்கூட நாம் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் போனை வைத்ததில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. 1966. ரெக்கார்டு கம்பெனிக்காரன் 'மெல்ட்ரமெட்ஸ்' என்ற பேரை எடுத்துவிட்டு 'வெர்னெல் பிராட்னாக்ஸும் மெல்ட்ரமெட்ஸும்' என்று போட்டான். நீ அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று மாதத்தில் கிளியோஃபஸைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு குழுவை விட்டுப் போய்விட்டாய். முழங்காலாம், தோட்டமாம். நான் மேடையில் நிற்பது உனக்கு இன்னும் ஆறவில்லை என்று நேராகச் சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷம் ஞாயிற்றுக்கிழமை சிரித்துச் சிரித்துப் பேசினாயே, அதுதான் எனக்கு வலிக்கிறது.

கிளியோஃபஸை விசாரித்ததாகச் சொல்.

வெர்னெல்


மேக்கன்
30 மே 1999

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். நீ நினைக்கிறபடியே இருக்கட்டும். அந்த விஷயம்தான். கச்சேரி நன்றாக நடக்கும், எனக்குத் தெரியும்.

ஓர்லீன்


மேக்கன்
11 ஜூன் 1999

மரியாதைக்குரிய வெர்னெலுக்கு,

கிளியோஃபஸ் எழுதுவது. நீங்கள் நலமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். முப்பத்தொரு வருஷம் கார் ஃபாக்டரியில் கதவு பொருத்தியவன் நான், கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தபாலாபீஸ் மேஜையில் நின்று எழுதுகிறேன். ஓர்லீனுக்குத் தெரிந்தால் என்னை வீட்டுக்குள் விடமாட்டாள்.

அவளுக்கு உங்கள் மேல் கோபம் எதுவும் இல்லை. ஜனவரி 12 அன்று அட்லாண்டாவில் அவளுக்கு ஆபரேஷன் நடந்தது. தொண்டையில் புற்று. குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை இருக்கிறது, அது வழியாகத்தான் மூச்சு. மூக்கு வழியாக மூச்சில்லாததால் வாசனை தெரியவில்லை, சாப்பாட்டில் ருசியும் தெரியவில்லை. புற்று போய்விட்டது என்று டாக்டர் சொல்கிறார், கடவுளுக்கு ஸ்தோத்திரம். ஆனால் இனிமேல் அவளால் பேச முடியாது. கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்று கொடுத்தார்கள். ஒரே ஒரு தடவை பேசிப் பார்த்தாள். சவர மெஷின் மாதிரி சத்தம். டிராயருக்குள் போட்டவள் அதற்கப்புறம் எடுக்கவில்லை.

உங்களிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். அன்றைக்குப் போன் மணி அடித்ததும் பழக்கத்தில் ஓடிப் போய் எடுத்துவிட்டாள். எடுத்த பிறகுதான் நினைவு வந்தது. நீங்கள் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். நான் வந்து வாங்கி வைத்தேன். உங்கள் மே மாதக் கடிதத்தைப் படித்துவிட்டு, 'அப்படியே நினைச்சுக்கட்டும், பாவம்னு நினைக்கிறதுக்கு இது மேல்' என்று நோட்டில் எழுதிக் காட்டினாள்.

உங்கள் கேசட்டைத் தினமும் பார்க்கிறாள். அந்த இடம் வரும்போது மேஜையில் தட்டுகிறாள். டிரம்ஸ்காரர் தட்டுவதோடு ஒரு தடவைகூட ஒத்துப்போனதில்லை. எனக்குச் சங்கீதம் தெரியாது, ஆனால் ஒவ்வொரு தடவையும் அவளுடையதுதான் சரி.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இப்படிக்கு
கிளியோஃபஸ்


டெட்ராய்ட்
27 ஜூன் 1999

என் கண்ணு ஓர்லீனுக்கு,

நான் நலம். நீ நன்றாகச் சாப்பிடு. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது.

மே மாதம் நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போடு. ஒன்றை மட்டும் வைத்துக்கொள். கம்பெனிக்காரன் என் பேரை முன்னால் போட்டபோது நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பேரைப் பார்த்ததும் எனக்கு இனித்தது. அதுதான் உண்மை. முப்பத்துமூன்று வருஷம் கழித்துச் சொல்கிறேன், என் மேல்தான் தப்பு.

இப்போது வேலை விஷயம். நிறைய யோசித்துவிட்டு லூஷியஸிடம் சொல்லிவிட்டேன், இந்தக் கச்சேரியில் இரண்டாம் குரலே வேண்டாம். இந்த வயசில் என் குரல் தனியாகக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அகம்பாவம் பிடித்தவள் என்று சொல்லிக்கொள். யாரும் பக்கத்தில் பாடக்கூடாது. எனக்கு வேண்டியது உன் விரல் முட்டி மட்டும். பியானோ பக்கத்தில் நில், தட்டு, கச்சேரி முடிந்ததும் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போ. உன் சர்ச் கையுறையைக்கூடப் போட்டுக்கொண்டு வரலாம்.

கவுனுக்குத் துணி எடுத்துவிட்டேன், நம் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி. முத்துச் சாம்பல் நிறம், கழுத்து வரை மூடினது, மேலே பட்டு ஸ்கார்ஃப். இப்போது அதுதான் நாகரிகமாம். பஸ் வேண்டாம், ரயிலில் வரலாம். முழங்காலை நீட்டிக்கொண்டு உட்காரலாம்.

போன் வேண்டாம். கடிதமே நன்றாக இருக்கிறது.

உன் அக்கா
வெர்னெல்


மேக்கன்
15 ஜூலை 1999

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம், கிளியோஃபஸ் மயிரிழையில்.

கழுத்து மூடின கவுன் போட்டால் சாக்குக்குள் போட்ட கோழி மாதிரி இருக்கிறது என்று பதினாறு வயசிலிருந்து சொல்கிறவள் நீ. அம்மா சவ அடக்கத்துக்கே கழுத்தை இறக்கித் தைத்தவள். அந்த மனுஷரும் ஒரு மாதமாகத் தட்டைப் பார்த்தே சாப்பிடுகிறார். 'சொல்லிட்டீங்களா?' என்று எழுதிக் காட்டினேன். எழுந்து போய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டார். அப்போதுதான் மழை பெய்து ஓய்ந்திருந்தது.

சரி, நானே சொல்லிவிடுகிறேன். என் குரல் போய்விட்டது, அக்கா. பேச்சு இல்லை, பாட்டு இல்லை, சிரித்தால்கூடச் சத்தம் வராது. சர்ச்சில் வாசலில் நிற்கிறேன், ஏனென்றால் அங்கே ஒருத்தி வாயைத் திறக்காமல் இருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் உன்னிடம் சொல்ல நினைத்துத்தான் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பேசினேன். நீ கேக்கைப் பற்றி ஆரம்பித்தாய், நானும் கேக்கைப் பற்றியே பேசினேன். வைத்த பிறகு தோன்றியது, இதுவே நல்லது. நீ கேட்ட என் கடைசிக் குரல் சண்டை போடுகிற குரலாக இருக்கட்டும். அது உன் காதில் அப்படியே கிடக்கட்டும், அதன் மேல் அந்தக் கருவியின் சத்தம் வந்து விழ வேண்டாம். இதுதான் காரணம். உன் மேல் எனக்கு எந்தக் காலத்திலும் கோபம் இல்லை. பேரை முன்னால் போட்டபோது வலித்தது, அது உண்மை. ஆனால் நான் போனது கிளியோஃபஸுக்காக. இப்போது மழை நாளில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறாரே, அந்த ஆளுக்காக.

வருவதற்குப் பயமாக இருக்கிறது. பாட்டு நடுவில் யாருக்காவது தொண்டை அடைத்தால் நம் ஜனம் சும்மா இருக்காது, 'நிதானமாப் பாடு தாயி, அவசரமில்ல' என்று குரல் கொடுக்கும். அடைத்த தொண்டை எப்படியும் திறக்கும் என்று அதற்கு அர்த்தம். எனக்கு அது திறக்காது. எண்ணூறு பேருக்கு முன்னால் ஊமையாக நிற்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்த டெரிக் தட்டுவதை இனியும் என்னால் கேட்க முடியாது. வருகிறேன். என் உடம்பைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தை பேசக்கூடாது. என்னைப் பார்த்து நீ அழக்கூடாது. கவுனில் என் கழுத்து மட்டும் மூடினால் போதும், நீ உன் இஷ்டப்படி தைத்துக்கொள்.

உன் தங்கை
ஓர்லீன்


டெட்ராய்ட்
8 ஆகஸ்ட் 1999

என் ஓர்லீனுக்கு,

மூன்று நாள் அழுதேன். முடித்துவிட்டேன். இனி அழ மாட்டேன். நீ சொன்ன எல்லாவற்றுக்கும் சரி.

என் கவுனின் கழுத்தை இறக்கச் சொல்லிவிட்டேன். தையற்காரி, "நாலு தடவ மாத்தியாச்சும்மா, இதுக்கு மேல துணி தாங்காது" என்கிறாள். டெரிக்கிடம் நீ வருகிறாய் என்று சொன்னேன். மனுஷர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "நான் பொறந்ததுலருந்து அந்த ரெக்கார்டக் கேக்குறேன். எப்பத் தட்டுறாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் புடிபடல" என்றார்.

கிளியோஃபஸை மன்னித்துவிடு. செப்டம்பர் 17 ரயிலடியில் நிற்பேன். கட்டிப்பிடிப்பேன். அதற்குத் தடை எதுவும் உன் கடிதத்தில் இல்லை.

உன் அக்கா
வெர்னெல்


மேக்கன்
3 அக்டோபர் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். நீ கட்டிக் கொடுத்த சோள ரொட்டியைக் கிளியோஃபஸ் ரயில் கிளம்பும் முன்பே தீர்த்துவிட்டார். உன் கணுக்கால் வீக்கம் வடிந்ததா? பத்திரிகையில் வந்ததை வெட்டி அனுப்பியதற்கு நன்றி. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் உன்னை முன்னாலிருந்து பார்த்தவர்கள். பாடுகிறவளுக்குத் தான் பாடுவது தெரியாது. அதனால் பியானோ பக்கத்திலிருந்து நான் பார்த்ததை எழுதுகிறேன்.

வாசல் பலகையை முதலில் பார்த்தேன். உன் பேரைத் தேடினேன், காணோம். 'மெல்ட்ரமெட்ஸ்' என்று மட்டும் இருந்தது. நீ அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. எண்ணூறு பேர் உன் பேருக்காக வருகிற இடத்தில் அதை எடுக்கச் சொல்லியிருக்கிறாய். அந்த இடத்திலேயே நான் திரும்பி ஊருக்குப் போயிருந்தாலும் எனக்கு மனசு நிறைந்திருக்கும்.

சர்ச்சிலிருந்து நேராக வந்த மாதிரி பெண்கள் எல்லோரும் தொப்பி. நீ மேடைக்கு வந்ததும் கைதட்டவில்லை, அக்கா, கவனித்தாயா? எழுந்து நின்றார்கள். போதகரின் மனைவி வரும்போது எழுந்து நிற்பதைப் போல நின்றார்கள். நீ, "உக்காருங்க, உக்காருங்க, எனக்கே கால் வலிக்குது" என்று சொல்லிச் செருப்பைக் கழற்றி லூஷியஸ் பக்கம் தள்ளினாய். அதோடு அந்த ஹால் உன் வீட்டுக் கூடமாகிவிட்டது.

முதல் பாட்டில் உன் குரல் கொஞ்சம் நடுங்கியது. அதை நீ மறைக்கவில்லை. இருபத்தொரு வயசில் மறைத்திருப்பாய். இப்போது அந்த நடுக்கத்தையே எடுத்து அடுத்த வரிக்குள் வைத்தாய். மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார், கடைசி வரை திரும்பப் போடவில்லை. நீ 'வேண்டாம்' என்ற ஒரே வார்த்தையை நாலு தடவை பாடினாய். நாலு தடவையும் நாலு பெண்கள் பாடினார்கள். நான் இத்தனை வருஷம் உன் பக்கத்தில் நின்று பாடினேன், பாடிக்கொண்டே இருந்ததால் உன்னைக் கேட்டதே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் வாய் மூடியதால் எனக்கு ஒரு லாபம் உண்டென்றால் அது இதுதான்.

கடைசியில் நம் பாட்டு. இரண்டாம் சரணம் முடிந்து வாத்தியம் நின்றது. நான் வலது கையுறையைக் கழற்றினேன். ஒருத்தர் இருமினார். ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அடங்கும் என்று காத்திருந்தேன். உன் முதுகைப் பார்த்தேன். துணி இறுகவில்லை. நீ மூச்சு இழுக்காமல் நின்றாய். அழக்கூடாது என்று நான் சொன்னதை நீ காப்பாற்றிக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியும். நேரம் போகிறது. டெரிக் என்னைப் பார்க்கிறார், லூஷியஸ் என்னைப் பார்க்கிறார். நான் கையை மூடிக்கு மேலே வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் சொன்னாள், "நிதானமா தாயி, அவசரமில்ல." அது உனக்குச் சொன்னதா எனக்குச் சொன்னதா என்று தெரியவில்லை. எனக்குச் சொன்னதாகவே நான் எடுத்துக்கொண்டேன். நான் பயந்த அதே வார்த்தை. அதைக் கேட்டதும் விரலை மடக்கிக்கொண்டேன். உன் துணி இறுகியது. நின்றது.

தட்டினேன். மூன்றாவது தட்டில் நீ வந்தாய். ஒரு மயிரிழை முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை.

அப்புறம் நடந்ததை நீ கண்ணை மூடிக்கொண்டு பாடியதால் பார்த்திருக்க மாட்டாய். இரண்டாம் குரல் வருகிற இடம் வந்தது. அங்கே யாரும் பாடக்கூடாது என்று நீ ஏற்பாடு செய்திருந்தாய். ஜனங்களிடம் யார் சொன்னார்கள்? எண்ணூறு பேரும் என் வரியை எடுத்துப் பாடினார்கள், அந்தத் தொப்பிக்காரப் பெண்கள், மூன்றாம் வரிசைப் பெரியவர், எல்லோரும். நான் எங்கே மூச்சு விடுவேனோ அங்கே மூச்சு விட்டார்கள். 1962 ரெக்கார்டில் அவசரத்தில் நான் தப்பாக இழுத்த அந்த ஒரு எழுத்தையும் தப்பாகவே இழுத்தார்கள். என் வாய் திறந்திருந்தது என்று கிளியோஃபஸ் பிறகு சொன்னார். அது எனக்குத் தெரியாது. என் குரல் அட்லாண்டாவில் போய்விட்டது என்று நினைத்திருந்தேன், இவ்வளவு பேர் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

நான் அழவில்லை. நீயும் அழவில்லை. லூஷியஸ் அழுதார், அவருக்கு நாம் தடை எதுவும் போடவில்லை.

பெல்மோர் ஹாலில் வசந்த காலத்துக்கும் கேட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். சாம்பல் கவுனை மடித்து வைத்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்குப் போன் செய். லைனில் இரைச்சல் ஒன்றும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. முதல் மணியிலேயே எடுப்பேன். நீ பேசு, நான் விரலால் பதில் சொல்கிறேன். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு என்றால் இல்லை, உன் கேக்கைப் பற்றிக் கேட்டால் இரண்டுதான் வரும். எடுத்ததும் மூன்று தட்டுவேன். அதைக் கேட்டுவிட்டு நீ ஆரம்பி.

உன் தங்கை
ஓர்லீன்